உருளையும் உதிரியும்: கசார்வாடித் தெருவும் ஆவியில் வெந்த அரிசியும்

1. கேள்வி

புணேயிலிருந்து லோணாவளா போகும் புறநகர் ரயிலில் சிவாஜிநகர், கட்கி, தாபோடிக்கு அடுத்த நிலையம் கசார்வாடி. பிம்ப்ரி–சிஞ்ச்வட் மாநகராட்சிக்குள் அடங்கிய இந்தப் பகுதியை ஒட்டிப் பழைய மும்பை–புணே சாலை ஓடுகிறது. 2022 மார்ச் 6 அன்று திறக்கப்பட்ட மெட்ரோப் பாதை அந்தச் சாலையின் தலைக்கு மேல் செல்கிறது. 1954-இல் பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் ஆலை வந்தது. அறுபதுகளில் மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகம் நிலம் எடுத்துத் தொழிற்பேட்டை அமைத்தது. வட்டாரம் முழுவதும் தொழிலாளர் ஊராக மாறியது. கொதிகலன்களுக்கும் நீராவி நுட்பத்துக்கும் பெயர்பெற்ற ஃபோர்ப்ஸ் மார்ஷல் நிறுவனத்தின் ஆலை இருப்பதும் கசார்வாடியில்தான். மராட்டியரோடு தமிழரும் மலையாளிகளும் கன்னடரும் தெலுங்கரும் தலைமுறைகளாக வாழும் பட்டை இது.

இப்படிப்பட்ட இடத்தில் காலையில் வேலைக்குப் போகிறவர் கையில் சில்லறையோடு வாங்கித் தின்னக்கூடியவை தெரிந்தவைதான்: வடாபாவ், போஹா, உப்புமா, இட்லி. இவற்றில் ஆவியில் வெந்த அரிசிப் பண்டம் இட்லி ஒன்றே. ஆனால் அரிசி மாவை ஆவியில் வேகவைத்து உருளையாக்கித் தருவது ஆசியாவின் பல தெருக்களில் மலிவான சிற்றுண்டி. தமிழருக்கும் மலையாளிகளுக்கும் குழாய்ப் புட்டு. கான்டன் சீனருக்கும் அவர்கள் வழியாக மலேசியருக்கும் சீ சியோங் ஃபன். வியட்நாமியருக்குப் பான் குவோன். இந்தோனேசியருக்குக் குவே புட்டு. புட்டு தின்று வளர்ந்த இரண்டு மொழிக்காரர்கள் புணேயின் தொழிற்பகுதியில் இத்தனை காலம் இருந்தும், அவர்களின் உருளை உணவகங்களுக்குள் நின்றுவிட்டது, தள்ளுவண்டிக்கு இறங்கவில்லை. இட்லி மட்டும் இறங்கியது. ஏன்?

இதற்கு வழக்கமாக மூன்று விடைகள் சொல்லப்படுகின்றன. மராட்டியர் நாக்குக்குப் புட்டு ஒத்துவராது என்பது ஒன்று. அங்கே கிடைக்கும் அரிசி அதற்கு உகந்ததல்ல என்பது இன்னொன்று. உடுப்பி ஓட்டல்கள் இட்லியையும் தோசையையும் ‘தென்னிந்திய உணவு’ என்று நிலைநாட்டிவிட்டதால் மற்றவற்றுக்கு இடமில்லாமல் போயிற்று என்பது மூன்றாவது. மூன்றிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றுமே தின்பவரைப் பற்றிப் பேசுகின்றன. விற்பவரின் அடுப்பை, நேரத்தை, நிற்கும் இடத்தை அவை கணக்கில் எடுப்பதில்லை. விடை அங்கேதான் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

2. காழியரும் வந்தியும்

புட்டைத் தெருவில் விற்பது தமிழருக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை புகாரின் மருவூர்ப்பாக்கத்து வணிகரை வரிசைப்படுத்தும்போது காழியரையும் கூவியரையும் சேர்த்துச் சொல்கிறது. உரைகள் முன்னவரைப் பிட்டு வாணிகர் என்றும் பின்னவரை அப்ப வாணிகர் என்றும் கொள்கின்றன. கடலாடு காதையில் இரவில் கடற்கரை நெடுகத் தெரியும் விளக்குகளைச் சொல்லும் இடத்தில் இவர்களின் விளக்குகளும் தனித்தனியே குறிக்கப்படுகின்றன. மதுரைக்காஞ்சி, இரவு முதிர்ந்தபின் அடையும் மோதகமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கி விழும் பண்டக்காரரைக் காட்டுகிறது.

இச்சான்றுகளை எவ்வளவு தூரம் நம்பலாம்? காழியர் விற்றது ஆவியில் வெந்த புட்டுதான் என்பது மூலத்தில் இல்லை; உரைகாரர் காலத்துப் புரிதல் அது. அந்த எச்சரிக்கையோடும் ஒன்றைத் துணிந்து சொல்லலாம். இந்த வணிகர்கள் அலையவில்லை, உட்கார்ந்திருக்கிறார்கள். விளக்கு வைத்திருக்கிறார்கள். விழாக்கால இரவில் கடற்கரையில் அவர்களுக்கு ஓர் இடம் இருக்கிறது. கூட்டம் அவர்களைத் தேடி வருகிறது.

வந்தியின் கதை இதைவிட அதிகம் சொல்கிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் மண் சுமந்த படலமாக வருவதும், மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் நிகழ்த்தப்படுவதுமான கதை. வைகை உடைப்பை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்பது பாண்டியன் ஆணை. புட்டு விற்றுப் பிழைக்கும் கிழவி வந்திக்கு ஆள் இல்லை. கூலியாளாக வந்த சிவன் உதிர்ந்த புட்டைக் கூலியாகக் கேட்டதாக மதுரையில் சொல்வார்கள். அன்று அவித்ததெல்லாம் உதிர்ந்துபோனது என்றும் கதையை வளர்ப்பார்கள்.

பக்தியின் பக்கத்தைப் பக்தர்கள் அறிவார்கள். தொழிலின் பக்கம் அதிகம் பேசப்படுவதில்லை. உதிர்ந்த புட்டுக்கு விலை இல்லை, உருளையாக நின்ற புட்டுக்கே விலை என்பதைக் கேட்பவர் எல்லோரும் அறிந்திருந்தால்தான் இந்தக் கூலிப் பேச்சு பொருள்படும். புட்டு விற்றவர்களின் அன்றாடச் சேதம் ஒரு புராணக் கதைக்குள் தங்கிவிட்டிருக்கிறது. தெருவில் புட்டு விற்பதன் முதல் சிக்கலை இந்த மக்கள் வழக்கு எந்த நூலையும்விடத் தெளிவாகச் சொல்கிறது: அது உடையும், உடைந்தால் நட்டம், நட்டத்தைச் சுமப்பவள் ஏழை.

3. ஆவிக்கலம் பற்றிய ஒரு விவாதம்

இந்திய உணவு வரலாற்றில் ஆவியில் வேகவைப்பது எப்போது தொடங்கியது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கே.டி. அச்சயா 1994-இல் வெளிவந்த நூலில் இட்லியின் பழைய குறிப்புகளைத் தொகுத்தார்: 10-ஆம் நூற்றாண்டின் கன்னட நூலான வட்டாராதனை, 12-ஆம் நூற்றாண்டில் கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் செய்த மானசோல்லாசம். இவற்றில் அரிசி சேர்ப்பதோ மாவைப் புளிக்க வைப்பதோ ஆவியில் வேகவைப்பதோ தெளிவாக இல்லை என்று கண்ட அவர், இன்றைய இட்லியின் முறை இந்தோனேசியத் தொடர்பால் வந்திருக்கலாம் என்று ஊகித்தார். இந்தியரிடம் ஆவிக்கலம் இல்லை என்று 7-ஆம் நூற்றாண்டுச் சீனப் பயணி யுவான் சுவாங் எழுதியதையும் துணைக்கு அழைத்தார்.

இந்த ஊகத்தை அப்படியே ஏற்க இயலாது. ஆவியில் வேகவைக்கத் தனிக்கலம் வேண்டியதில்லை. பானை வாயில் துணியைக் கட்டினால் போதும். மூங்கில் குழாயோ ஓலைப் பெட்டியோ போதும். யாழ்ப்பாணத்தில் புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி பனையோலையில் முடைந்தது. மூங்கிலும் ஓலையும் துணியும் அகழ்வாய்வில் அகப்படாதவை. அயல்நாட்டுப் பயணியின் கண்ணிலும் படாதவை. தென்னகச் சமையலறைக்குள் நின்று பார்க்காத ஒருவரின் பொதுக்கூற்றை வைத்து இல்லாமையை நிறுவுவது பலவீனமான வாதம். புட்டின் பழமைக்கு உறுதியான ஆண்டு குறிக்க முடியாது என்பதே நேர்மையான நிலை. நம் கேள்விக்கு அந்த ஆண்டு தேவையும் இல்லை.

4. பினாங்கும் சென்னையும் காட்டுவது

சீ சியோங் ஃபன் தெற்குச் சீனத்தின் கான்டன் வட்டாரத்துப் பண்டம். நீர்த்த அரிசி மாவைத் தட்டிலோ துணியிலோ மெல்லியதாக ஊற்றி இரண்டொரு நிமிடம் ஆவி காட்டி, எண்ணெய் தடவிச் சுருட்டி எடுப்பார்கள். தேநீர் விடுதிகளில் உள்ளே இறாலோ இறைச்சியோ வைத்துச் சூடாகத் தருவது ஒரு வகை. தெருவகை வேறு. ஹாங்காங் தெருவில் உள்ளே எதுவும் இல்லாத சிறு சுருள்களைக் கத்தரிக்கோலால் வெட்டி, இனிப்புச் சோயாச் சாறும் எள்விழுதும் நிலக்கடலை விழுதும் ஊற்றித் தருவார்கள். பினாங்கில் அதன்மேல் கருத்த இறால் விழுதும் மிளகாய்ச் சாறும் எள்ளும் வரும். ஈப்போவில் ஊறிய பச்சைமிளகாய் சேரும். தெலுக் இந்தானில் உலர்ந்த இறாலும் முள்ளங்கியும் சுருளுக்குள்ளேயே இருப்பதால் சாறே வேண்டியதில்லை.

ஊருக்கு ஊர் சுவை மாறுகிறது; தொழில்முறை மாறவில்லை. தெருவில் விற்கும் மலிவான சுருளைப் பெரும்பாலும் விற்பவர் செய்வதில்லை. விடியலில் மாவுப்பண்டப் பட்டறைகளில் மொத்தமாகச் செய்து கடைகளுக்குப் போகிறது. கடைக்காரர் அதை ஆவியில் சூடாக வைத்திருந்து, வெட்டி, சாறு ஊற்றுகிறார். அரிசி மாவோடு வேறு மாச்சத்தும் சேர்வதாலும் எண்ணெய் பூச்சாலும் சுருள் சில மணி நேரம் மென்மையாக நிற்கும். உழைப்பு பட்டறையிலும் விற்பனை தெருவிலும் பிரிந்ததால்தான் விலை இறங்கியது.

மலேசியத் தமிழரின் இடியாப்பமும் இதே வழியில் சென்றது. அங்கே புட்டு மாயாம் என்று எல்லா இனத்தாரும் சொல்லும் அதை, வீட்டில் அவித்து, மோட்டார் சைக்கிளில் ஏற்றி, ஒலிப்பான் அடித்துத் தேங்காய்ப்பூவும் பழுப்புச் சர்க்கரையும் வைத்து விற்கிறார்கள். தெருவில் அடுப்பே இல்லை. சென்னையில் மிதிவண்டியில் வரும் இடியாப்பக்காரரும் புட்டுக்காரரும் அப்படித்தான். சென்னைப் புட்டுக்காரரின் பாத்திரத்தில் இருப்பது உருளை அல்ல, உதிரி. கரண்டியால் அள்ளித் தேங்காயும் சர்க்கரையும் தூவிப் பொட்டலம் கட்டுவார். உருளையாக எடுத்துச் சென்றால் உடையும் என்பதால் உடைந்த வடிவத்தையே பண்டமாக்கிக் கொண்டார்கள். வந்தியின் கழிவு இங்கே சரக்காகிவிட்டது. எளிய மக்களின் தொழிலறிவுக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இந்த வாதத்துக்கு எதிரான சான்று ஒன்று உண்டு; அதை ஒதுக்கக் கூடாது. இந்தோனேசியாவின் குவே புட்டுக்காரர் அடுப்போடு நடக்கிறார். சிறிய மூங்கில் குழாய்களில் அரிசி மாவையும் பனைவெல்லத்தையும் அடைத்து, ஆவித் துளைகளின்மேல் நிறுத்தி, கேட்டவுடன் அவித்துத் தருகிறார்; துளையிலிருந்து வரும் சீழ்க்கை ஒலியே அவருக்கு விளம்பரம். அப்படியானால் உருளையும் நடக்கக்கூடியதுதானே? ஆம், ஆனால் அது விரலளவு உருளை. ஒரு வாய்க்கு ஒன்று. விரைவில் வெந்துவிடும். வெல்லம் உள்ளே இருப்பதால் தொட்டுக்கொள்ள ஏதும் வேண்டாம். மாலையில் ஆசைக்குத் தின்னும் பண்டம் அது. வேலைக்குப் போகிறவரின் காலைப் பசியை அடைக்காது. உருளை பெரிதாகிப் பசியாற்றும் உணவாகும்போது இடமும் நேரமும் கேட்கத் தொடங்குகிறது.

5. அடுப்பின் கணக்கு

இந்த இடத்தில் சற்று நிதானமாக நின்று பார்க்க வேண்டும்.

ஆவியில் வேகவைப்பது அடிப்படையில் மலிவான முறை. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 540 கலோரி வெப்பம் உள்வாங்குகிறது. அந்த ஆவி மாவின்மேல் படிந்து நீராகும்போது அத்தனையையும் மாவுக்குக் கொடுத்துவிடுகிறது. எண்ணெய்ச் செலவு இல்லை. வடாபாவ் விற்பவருக்கு எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் வரும் கவலை இட்லி விற்பவருக்கு இல்லை. ஆனால் ஒரு கொப்பரை நீரைக் கொதிக்க வைத்தபின் அந்தக் கொதியில் எத்தனை பேருக்கு உணவு வெந்தது என்பதே எரிபொருள் செலவைத் தீர்மானிக்கிறது. அடுக்குத் தட்டில் இட்லி ஒரே ஈட்டில் பல டஜன் வேகும். புட்டுக் குழாயில் ஓர் ஈட்டுக்கு இரண்டு, மூன்று பேருக்குத்தான். கை வேலை அதிகம். தேங்காய்ப்பூ ஒரு பிடி, மாவு ஒரு பிடி என்று நிரப்பி, வெந்தபின் பின்புறமிருந்து தள்ளி எடுத்து, மறுபடி நிரப்ப வேண்டும்.

மாவின் குணமும் இதில் சேர்கிறது. அரிசியின் மாச்சத்து வெப்பத்தில் நீரை உறிஞ்சிக் குழைகிறது. ஆறும்போது அதிலுள்ள அமைலோஸ் இழைகள் மறுபடி இறுகுகின்றன. அமைலோஸ் மிகுந்த அரிசியில்தான் இடியாப்பமும் சீனச் சுருளும் ஒட்டாமல் வரும். அதே அரிசிதான் ஆறியதும் விரைவில் விறைக்கும். இட்லிக்கு இதிலிருந்து விலக்கு கொடுப்பது உளுந்து. மாவில் லியூகோனோஸ்டாக் மெசென்டராய்ட்ஸ் முதலான நுண்ணுயிர்கள் உண்டாக்கும் கரியமில வாயுவை உளுந்தின் பசை பிடித்து வைக்கிறது. துளைகள் நிறைந்த இட்லி ஆறியபின்பும் பல மணி நேரம் மெத்தென்று இருக்கிறது. புட்டில் பசை கிடையாது. பிடித்தால் பிடிபட்டு, நசுக்கினால் உதிரும் பதத்தில் நனைத்த மாவுமணிகள் ஆவியின் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன, அவ்வளவுதான். அந்த ஈரம் போனால் உருளையும் போகும்.

இனிக் கசார்வாடிக்கு வருவோம். ஆலைப் பகுதியில் வாடிக்கையாளர் சீராக வருவதில்லை. முறைப்பணி மாறும் நேரத்தில், ரயில் வந்து நிற்கும் நேரத்தில் மொத்தமாக வருவார்கள். சில நிமிடங்களில் கலைவார்கள். அந்த நிமிடங்களில் விற்காதது பிறகு விற்காது. தயாராக நூறு இட்லி வைத்திருப்பவர் அந்தக் கூட்டத்தைப் பிடித்துவிடுகிறார். குழாய் வேகக் காத்திருக்கும் புட்டுக்காரர் பிடிக்க முடியாது. மும்பையில் தாராவித் தமிழ்க் குடும்பங்கள் விடியுமுன் வீட்டிலேயே இட்லி அவித்துச் சைக்கிளில் நகரெங்கும் கொண்டுபோய் விற்கும் முறை வளர்ந்ததற்கும் காரணம் இதுவே. வீட்டு அடுப்பு, மொத்த ஈடு, சூடு தாங்கும் பாத்திரம், தெருவில் நெருப்பின்மை: இட்லி இந்த நான்குக்கும் பொருந்தியது. 2013-இல் சென்னை மாநகராட்சி அம்மா உணவகங்களைத் தொடங்கி இட்லியை ஒரு ரூபாய்க்குக் கொடுத்தபோதும் இதே பொருத்தமே கைகொடுத்தது. மானியம் இருந்தது உண்மை. ஆனால் மானியம் கொடுத்தாலும் குழாய்ப் புட்டை அந்த வேகத்தில் அத்தனை பேருக்கு அவித்திருக்க முடியாது.

6. நாக்கும் அரிசியும்

சுவை பற்றிய விடையை இப்போது எடைபோடலாம். புணே மக்களுக்கு ஆவியில் வெந்த அரிசி மாவு அந்நியமானதல்ல. விநாயக சதுர்த்தியன்று அவர்கள் செய்யும் உகடீசே மோதகம், அரிசி மாவு உறைக்குள் தேங்காயும் வெல்லமும் வைத்து ஆவியில் அவித்தது. குழாய்ப் புட்டோடு தேங்காயும் சர்க்கரையும் தின்பவருக்கு அது உறவுச் சுவை. நாகபஞ்சமியை ஒட்டி மஞ்சள் இலையில் மடித்து அவிக்கும் பாதோளி கொங்கணத்தார் அறிந்தது. இவ்வளவு இருந்தும் இவை தள்ளுவண்டிக்கு வரவில்லை. விழாவுக்கும் வீட்டுக்கும் உரியவையாக நின்றன. கைவேலை மிகுந்த ஆவிப் பண்டம் மலிவாகத் தெருவில் நிற்காது என்பதற்கு மராட்டியச் சமையலறையே தரும் சான்று இது. ஆகவே ‘நாக்குக்கு ஒத்துவராது’ என்ற விடை விழுகிறது.

அரிசி பற்றிய விடை இன்னும் எளிதாக விழும். கசார்வாடியிலிருந்து ரயில் போகும் மாவள் பகுதியில் விளையும் ஆம்பேமோஹரும், அதன் வழியில் வந்த இந்திராயணியும் மணமும் ஒட்டும் தன்மையும் கொண்டவை. மோதகத்துக்குச் சிறந்தவை, புட்டுக்குச் சுமாரானவை. ஆனால் சந்தையில் அவை மட்டுமா இருக்கின்றன? இட்லிக்கு வேண்டிய புழுங்கலரிசி கிடைக்கும் ஊரில் புட்டுக்கு வேண்டிய அரிசியும் கிடைக்கும்.

உடுப்பி ஓட்டல்களின் செல்வாக்கை இப்படி ஒதுக்க முடியாது. மும்பை மாட்டுங்காவில் 1942-இல் ஏ. ராம நாயக் தொடங்கிய உணவகம் முதல் புணே ஃபர்குசன் கல்லூரிச் சாலையின் வைஷாலி வரை, இட்லியை மேற்கிந்தியரின் அன்றாட உணவாக்கியவர்கள் அவர்களே. தெரு இட்லிக்கு வாடிக்கையாளர் ஏற்கெனவே பழகியிருந்தார். ஆனாலும் ஓட்டலில் பிரபலமானதெல்லாம் தெருவுக்கு இறங்கிவிடாது. இட்லி இறங்கியதற்குக் காரணம் மேலே சொன்ன பொருத்தம்.

7. இடம்

எஞ்சி நிற்பது இடம். குழாய்ப் புட்டுக்குத் தெருவில் நெருப்பு வேண்டும், தண்ணீர் வேண்டும், நாள் தவறாமல் அதே மூலையில் நிற்கும் உறுதி வேண்டும். காலையில் நின்ற மூலையில் மாலையில் நிற்க முடியுமா என்று தெரியாத வணிகர் கொதிகலத்தையும் எரிவாயு உருளையையும் தெருவுக்குக் கொண்டுவரத் தயங்குவார். பறிமுதலானால் போவது அன்றைய வருமானம் மட்டுமல்ல, முதலும்தான். இட்லிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடலாம்.

சிங்கப்பூர் இந்தச் சிக்கலை வேறு வகையில் தீர்த்தது. 1971 முதல் 1986 வரை தெரு வணிகரை நீரும் கழிவுநீர் வழியும் கொண்ட உணவங்காடிகளுக்கு மாற்றியது. அந்த அங்காடிப் பண்பாடு 2020-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தெருவின் சுதந்திரம் போயிற்று என்ற குறையில் நியாயம் உண்டு; ஆனால் கேட்டவுடன் ஆவியில் அவித்துத் தரும் புட்டு பிரிங் போன்ற பண்டம் அங்கே இன்றும் பிழைத்திருக்கிறது. எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து புதிய தெரு வணிக உரிமங்களை ஏறக்குறைய நிறுத்திவிட்ட ஹாங்காங்கில், அரிசிச் சுருள் வண்டிகள் அருகிக் கடைகளுக்குள் ஒதுங்கின.

இந்தியாவில் சட்டம் இருக்கிறது. தெரு வணிகம் அரசியலமைப்பு தரும் தொழிலுரிமைக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் சோதன் சிங் வழக்கில் ஏற்றது. 2014-ஆம் ஆண்டின் தெரு வணிகர் சட்டம் ஒவ்வொரு நகரிலும் வணிகக் குழு அமைக்கவும், அதில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் தெரு வணிகரின் பிரதிநிதிகள் இருக்கவும், கணக்கெடுப்பு முடியும்வரை யாரையும் அப்புறப்படுத்தாதிருக்கவும் சொல்கிறது. ஆனால் சட்டம் பேசுவது நிற்கும் உரிமையை. அடுப்புக்கும் தண்ணீருக்கும் பொதுச் சமையலறைக்கும் அது வழி செய்வதில்லை. சீ சியோங் ஃபனை மலிவாக்கிய பட்டறை போன்ற ஒன்று இல்லாதவரை, கைவேலை மிகுந்த எந்தப் பண்டமும் நம் தெருவில் மலிவாக நிற்காது.

அதற்கான முன்மாதிரிக்குப் புணே வெளியே தேட வேண்டியதில்லை. பாபா ஆடாவ் வழிநடத்திய சுமைதூக்கும் தொழிலாளர் அமைப்பான ஹமால் பஞ்சாயத்து 1974-இல் ‘கஷ்டாசி பாக்கர்’ என்னும் உணவகத்தை இந்நகரில் தொடங்கியது. மொத்தமாகச் சமைத்துத் தொழிலாளருக்கு மலிவாக உணவு தரும் பொதுச் சமையலறை அது. அதே எண்ணத்தைப் பிம்ப்ரி–சிஞ்ச்வட் தன் வணிக மண்டலங்களுக்குக் கொண்டுவரலாம். கசார்வாடி நிலையத்தருகே நீர்க்குழாயும் ஒரு பொது ஆவியடுப்பும் உள்ள சிறு கொட்டகை போதும். புட்டு விற்க விரும்பும் பெண்கள் முறைவைத்துப் பயன்படுத்திக்கொள்வார்கள். நீராவியைத் தொழிலாகக் கொண்ட ஊரில் இதற்கான நுட்பம் அரிதானதல்ல. வணிகக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு கோரிக்கையாக வைக்க வேண்டியவர்கள், அங்கே வாழும் தமிழரும் மலையாளிகளும்தான்.